தோண்டவோ, வெட்டவோ, அள்ளவோ

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்போடவே வரலாம், இது ஒண்ணும் கோயில் இல்ல. கீழக்கழி டிரஸ்டுப் பத்திரத்தைப் படிச்சுட்டு, இதை எழுதுன ரைட்டர் யாருன்னு விசாரிச்சு வர்றேன்னு போன்ல சொன்னீங்க பாருங்க, அப்பவே எனக்கு மனசு குளுந்து போச்சு. முகஸ்துதிக்குச் சொல்லல. அந்தப் பத்திரத்தைப் பத்தி என்கிட்ட நல்ல வார்த்தை பேசுன ஆளு இந்த ஊர்ல கெடையாது. எதிர்த்தாப்புல டீக்கடை இருக்கு பாத்தீங்களா? நான் போயி உக்காந்தா பெஞ்சில இருக்கிறவன் டம்ளரோட எந்திரிச்சுப் போயிடுறான். நான் என்னங்க தப்புப் பண்ணேன்? நெலத்தைக் காப்பாத்திக் குடுங்கன்னு ஒருத்தங்க வந்து கேட்டாங்க. காப்பாத்திக் குடுத்தேன். இன்னி தேதி வரைக்கும் அந்த நெலம் யாரு கைக்கும் போகல. போயிருக்கான்னு யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

டீயை இங்கயே வரவழைக்கிறேன். சக்கரை போடலாமில்ல? சரி.

உங்க ஊரு தொண்டிக்குத் தெக்கேன்னீங்க. உங்களுக்கும் உப்பங்கழிதான், சேத்துக் காடுதான். அதனால ரொம்ப வெளக்க வேண்டாம். ஆனா பத்திரம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அதோட அருமை தெரியும். அதைச் சொல்லிடுறேன், அப்புறம் உங்க வேலையைப் பாப்போம்.

நெலம் யாரோடதுன்னா, தையல்நாயகின்னு ஒரு அம்மா. கவர்மெண்டு ஆஸ்பத்திரியில நர்சா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ஊரே நர்சம்மான்னுதான் கூப்புடும். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு இடுப்புல ஊசி போட்டவங்க, எனக்கும் சேத்து. அவங்க என்னை மரியாதையா ரைட்டரண்ணேம்பாங்க. எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும்.

அவங்க அப்பா காலத்துல அது உப்பளம். ஒரு புயல்ல கரை ஒடைஞ்சு கடல் உள்ள வந்துடுச்சு. வந்தது திரும்பிப் போகல. கொஞ்ச வருஷத்துல அலையாத்தி மொளைச்சு பூரா காடாயிடுச்சு. உப்பு போச்சேன்னு தலையில கை வச்ச மனுஷன், சரி மீனாவது கெடைக்கட்டும்னு காயல்லேர்ந்து உள்ளுக்கு ஒரு வாய்க்கால் வெட்டுனாரு. எங்க பக்கத்துல அப்படி ஒரு வழக்கம். கடல் ஏறுற ஏத்தத்துல தண்ணியோட மீனும் இறாலும் வாய்க்கால் வழியா காட்டுக்குள்ள போகும். எறங்குற வத்தத்துல வாய்க்கால் வாயில வலையைக் கட்டிப் புடிச்சுக்குவாங்க. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி அந்த வாய்க்காலைத் தூர் வாரணும். வாருற ஆளுங்களுக்கே மீன் பாத்தியதை. மீராசான்னு ஒருத்தன், அவன் அப்பன் காலத்துலேர்ந்து அவங்க குடும்பம்தான் அந்த வாய்க்காலைப் பாத்துக்கிட்டு வந்துச்சு.

நர்சம்மா டூட்டி முடிஞ்சு வந்தா வீட்டுக்குப் போக மாட்டாங்க. நேரா கழிக்கரையில போயி நிப்பாங்க. புருஷன் இருந்த காலத்துலயும் அப்படித்தான், போன பெறகும் அப்படித்தான். அங்க என்னம்மா இருக்குன்னு ஒரு தடவை கேட்டேன். "ஆஸ்பத்திரியில நாள் பூரா போறதையே பாக்குறேண்ணே. இங்க வந்தா ஏதாச்சும் வந்துக்கிட்டே இருக்கு"ன்னாங்க. எனக்கு அதெல்லாம் புரியாது. நமக்கு நெலம்னா நாலு எல்லை, ஒரு சர்வே நம்பர்.

அந்தச் சமயத்துல இறால் பண்ணைக்காரன் வந்தான். கம்பெனி பேரைச் சொல்ல வேண்டாம், வழக்கு வம்பு நமக்கெதுக்கு. சுத்திவர எல்லா நெலத்தையும் வளைச்சுப் போட்டான். காட்டை வழிச்சு எடுத்துட்டு குளம் வெட்டுனான். நர்சம்மாவுக்கு ஒரே பையன், குமரகுரு, திருப்பூர்ல பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். அவன் அம்மாகிட்ட வித்துடலாம், வித்துடலாம்னு ஒத்தைக் கால்ல நின்னான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது. சேறு இருக்கிற எடத்துல வீட்டுக் கடனை அடைக்கிற வழி இருக்குன்னா எந்தப் புள்ளைதான் சும்மா இருப்பான்?

நர்சம்மா இங்கதான் வந்து உக்காந்தாங்க. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே எடம். "எம் புள்ளை கெட்டவன் இல்லண்ணே. ஆனா நான் கண்ணை மூடுன மறு வாரம் வித்துடுவான். விக்க முடியாம பண்ணிக் குடுங்க. எனக்குப் பெறகும் அந்தக் காடு உசுரோட இருக்கணும்"னாங்க.

அப்ப ஆரம்பிச்சதுதான் தம்பி. நான் அதுவரைக்கும் கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, இப்படியே எழுதி வயசைத் தீத்தவன். விக்கிறதுக்குத்தான் எல்லாரும் பத்திரம் கேப்பாங்க. விக்காம இருக்கிறதுக்கு ஒருத்தங்க கேட்டது அதுதான் முதல் தடவை. சட்டப் புத்தகத்தையெல்லாம் தூசி தட்டி எடுத்தேன்.

உயில் எழுதலாமான்னாங்க. உயில் எழுதுனா பையன் அதை உடைக்க கோர்ட்டுக்குப் போவான், அதுக்குள்ள குளம் வெட்டிருவாங்கன்னேன். வனத்துறைக்குத் தானமாக் குடுத்துடலாமான்னாங்க. அதையும் விசாரிச்சேன். வாங்கிக்கிறதுக்கு மேல எடத்துலேர்ந்து உத்தரவு வரணுமாம். வேண்டாம்னும் சொல்லல, வேணும்னும் சொல்லல, ஃபைல் ஒரு மேசையிலேர்ந்து இன்னொரு மேசைக்கு நகர்றதோட சரி. கிராமத்தோட சேந்து காப்பகம்னு அறிவிக்கச் சொல்லலாமேன்னு ஒரு யோசனை வந்துச்சு. கிராமத்துல பாதிப் பேரு கம்பெனியில வேலைக்குப் போயாச்சு, எவன் கையெழுத்துப் போடுவான்? மீராசா பேருக்கு நீண்ட நாள் குத்தகை போட்டா என்னன்னு கேட்டாங்க. குத்தகை முடியிற நாள்ல மறுபடி கம்பெனிக்காரன் வாசல்ல நிப்பான்னேன். இதுல இன்னொரு பயமும் இருந்துச்சு. பட்டா நெலமா இருந்தாலும் கடல் ஏறி எறங்குற எடம். இது பட்டாவே இல்ல, சர்க்கார் சொத்துன்னு நாளைக்கு ஒருத்தன் கெளப்பி விடலாம்.

கடைசியில டிரஸ்டுதான்னு முடிவு பண்ணோம். பொது அறக்கட்டளை, ரத்து செய்ய முடியாத அறக்கட்டளை. நெலத்தை அதுக்கு எழுதி வச்சிட்டா எழுதுனவங்களே திரும்ப வாங்க முடியாது. நர்சம்மா ஒரு டிரஸ்டி. நான் ஒரு டிரஸ்டி, அவங்கதான் நீங்க இருந்தா தைரியம்ணேன்னாங்க. மூணாவதா மெட்ராஸ்ல ஒரு சார், பறவை பாக்க வருஷத்துக்கு ஒரு தடவை வருவாரு, கழுத்துல பைனாகுலர். அவரு போன்ல, "இயற்கையை அது போக்குல விட்டுடணும், மனுஷன் கையே படக்கூடாது"ன்னாரு. படிச்ச மனுஷன் பேச்சு. எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு.

இப்ப நீங்க பாராட்டுனீங்களே, ஆறாவது ஷரத்து, அதுக்கு வர்றேன். எனக்குப் பாக்காமலே வரும், கேளுங்க. "மேற்படி சொத்தின் மண்ணை எக்காலத்திலும், எக்காரணம் கொண்டும், எவரும், இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தியவர் உள்பட, தோண்டவோ, வெட்டவோ, அள்ளவோ, நிரப்பவோ, மட்டம் செய்யவோ கூடாது. இந்த ஷரத்தை எக்காலத்திலும் திருத்தவோ தளர்த்தவோ டிரஸ்டிகளுக்கு அதிகாரம் இல்லை." எப்படி? ஒரு எறும்பு நுழையுமா?

இதைப் படிச்சுக் காட்டுனப்ப நர்சம்மா ஒண்ணு சொன்னாங்க. "அண்ணே, வாய்க்கால் தூர் வாருறதுக்கு மட்டும் ஒரு வரி போட்டுடுங்க. தண்ணி வந்தாத்தான காடு."

நான் ஒத்துக்கல. ஏன் ஒத்துக்கலைன்னு நீங்களே சொல்லுங்க, உங்களுக்கும் நாளைக்கு இதே கேள்வி வரும். நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு கிரயப் பத்திரம் எழுதுனேன். வித்தவரு கெணத்துல குடிக்கத் தண்ணி எடுக்க மட்டும் பாத்தியதைன்னு ஒரு விலக்குப் போட்டேன். மட்டும்னு போட்டேன் தம்பி. அந்த மட்டும்ங்கிற எடத்துல வித்த ஆளு நுழைஞ்சு, குடிக்கத் தண்ணின்னான், மாட்டுக்குத் தண்ணின்னான், கடைசியில மோட்டாரை எறக்கித் தோப்புக்குப் பாய்ச்சுனான். ஜட்ஜு அவன் பக்கம் தீர்ப்புச் சொன்னாரு. கோர்ட்டு வாசல்ல வாங்குன ஆளு என்னைப் பாத்து, நீ எழுதுனது பத்திரமா, சல்லடையான்னு கேட்டான். அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே என் பத்திரத்துல விலக்குங்கிற பேச்சே கெடையாது.

அதைத்தான் நர்சம்மாகிட்டயும் சொன்னேன். "அம்மா, தூர் வாரலாம்னு ஒரு வரி விட்டோம்னா, கம்பெனிக்காரன் எவனையாவது புடிச்சுக் குளத்தை வெட்டிட்டு, வாய்க்கால்தான் வாருனோம்பான். அகலம் என்ன, ஆழம் என்னன்னு நீங்க கோர்ட்டுல நின்னுக்கிட்டு இருப்பீங்க." அவங்க, "அப்ப வாய்க்கால் என்ன ஆகும்ணே?"ன்னாங்க. "அது பாட்டுக்கு இருக்கும்மா. கடவுள் வெட்டுன கடலே தூர் வாராமத்தான இருக்கு"ன்னேன். அவங்க சிரிக்கல. பேப்பரைத் திருப்பி ஆறாவது ஷரத்தை மறுபடி படிச்சாங்க. ஆனா பக்கத்து நெலத்துல கம்பெனிக்காரன் அளவுக்கல்லு நட்டாச்சு, பையன் அட்வான்ஸுக்கு நாள் குறிச்சாச்சு. யோசிக்க நேரமில்ல. கையெழுத்துப் போட்டாங்க. ஆஸ்பத்திரியில மருந்துச் சீட்டுல போடுற மாதிரி அழகான கையெழுத்து.

பதிஞ்ச கொஞ்ச நாள்ல குமரகுருவும் கம்பெனி வக்கீலும் இங்க வந்தாங்க. வக்கீல் தஞ்சாவூர்க்காரரு, பெரிய ஆளு. நர்சம்மாவும் இருந்தாங்க. அவரு பத்திரத்தை நிதானமாப் படிச்சாரு, மறுபடி ஆறாவது ஷரத்துக்குத் திரும்பி வந்தாரு. கண்ணாடியைக் கழட்டுனாரு. "யாரு எழுதுனது?"ன்னாரு. "நான்தாங்க." "நல்லா எழுதியிருக்கீங்க"ன்னாரு. எதிரி வக்கீல் வாயிலேர்ந்து வந்த வார்த்தை தம்பி. எனக்கு அதுக்கு மேல என்ன வேணும்?

குமரகுரு மட்டும் அவங்க அம்மாவைப் பாத்து, "என்னை நம்பலல்லம்மா?"ன்னான். ராத்திரி பஸ்ஸுக்குப் போயிட்டான். அதுக்கப்புறம் பொங்கலுக்கும் வரல, தீவாளிக்கும் வரல. நர்சம்மா இந்த நாற்காலியில உக்காந்து அழுதாங்க. நான் பன்னீர் சோடா வாங்கிக் குடுத்தேன். நெலம் தப்பிச்ச சந்தோஷத்துல அழறாங்கன்னு நெனைச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறேன்.

அந்த வருஷ மழையில காயல்லேர்ந்து மண்ணு வந்து வாய்க்கால் வாயில மேடாயிடுச்சு. எல்லா வருஷமும் ஆகுறதுதானாம். மீராசாவைக் கூட்டிக்கிட்டு நர்சம்மா வந்தாங்க.

"ஏத்தத்துலயும் தண்ணி உள்ள ஏறலண்ணே. நாலு ஆளு ஒரு நாள் எறங்குனாப் போதும்"னாங்க.

"அம்மா, ஆறாவது ஷரத்து"ன்னேன்.

"தெரியும்ணே. நான்தான எழுதச் சொன்னேன். நானே கேக்குறேன்."

"நீங்க எழுதச் சொன்னீங்க. ஆனா நீங்க உள்படன்னு எழுதியிருக்கேனே."

மீராசா குறுக்க வந்து, "அள்ளுற மண்ணை அங்கயே கரையில போட்டுடுவோங்க, ஒரு கூடை வெளிய போகாது"ன்னான். நல்லா இருக்கே கதை. அள்ளிட்டு அங்கயே போட்டா அள்ளுனது இல்லன்னு ஆயிடுமா? அப்புறம் பொறுமையா எடுத்துச் சொன்னேன். கம்பெனிக்காரன் கரையில ஒரு கொட்டகை போட்டு ஆளை உக்கார வச்சிருக்கான். நம்ம ஆளு மம்பட்டியை எடுத்த அடுத்த நிமிஷம் போட்டோ எடுப்பான். டிரஸ்டிகளே ஷரத்தை மீறிட்டாங்க, இது வெறும் பேருக்கு வச்ச டிரஸ்டு, இதை ரத்து பண்ணுங்கன்னு மனுப் போடுவான். அத்தனை வேலையும் பாழாப் போயிடும். இது உண்மையா இல்லையா, நீங்க சொல்லுங்க. அந்த ஆளு நெசமாவே அங்க உக்காந்திருந்தான் தம்பி, நான் போயிப் பாத்தேன்.

நர்சம்மா எந்திரிச்சு நின்னு, "அப்ப வாருனாலும் காடு போகும், வாராட்டியும் போகும், அப்படித்தானாண்ணே?"ன்னாங்க. நான், "கோர்ட்டுல அனுமதி கேக்கலாம்மா, அதுதான் மொறை"ன்னேன். கேட்டோம். நானே மனு எழுதிக் குடுத்தேன், ஒரு பைசா வாங்கல. வாய்தா மேல வாய்தா. ஜட்ஜு மாறுனாரு. புது ஜட்ஜு, இந்த எடத்துக்குக் கடல் தண்ணி வருதா வரலையான்னு முதல்ல அளந்து சொல்லுங்கன்னாரு. சர்வேயர் வந்தாரு, கோடை நடுவுல. வாயி அடைஞ்சு கெடக்குது, தண்ணி எப்படி வரும்? அவரு ஏத்தம் வர்ற வரைக்கும் கரையில நின்னாரு. தண்ணி மேட்டு வரைக்கும் வந்து பாத்துட்டுத் திரும்பிப் போச்சு. அலை ஏறாத தரைன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. அலையே வராத எடத்துக்கு வாய்க்கால் எதுக்குன்னு மனு அதோட நின்னுடுச்சு. அவரு பாத்ததைத்தான எழுதுவாரு, அவர் மேல தப்பு இல்ல.

அந்தக் கோடையிலதான் எலை பழுக்க ஆரம்பிச்சுச்சு. உள்ள நின்ன பழைய தண்ணி வெயில்ல சுண்டிச் சுண்டி, தரையெல்லாம் வெள்ளையா உப்புப் பூத்துடுச்சு. கெழக்கோரம் மொதல்ல, அப்புறம் நடுக்காடு. நர்சம்மா தெனமும் போயிட்டு வந்து சொல்வாங்க. சாலையில என்னைப் பாத்தா நிப்பாட்டிச் சொல்வாங்க, மெதுவா, வார்டுல டாக்டர்கிட்டச் சொல்ற மாதிரி. "நேத்து நின்னது இன்னைக்கு இல்லண்ணே." எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நான் கல்லா என்ன? மெட்ராஸ் சாருக்குப் போன் போட்டேன். அவரு, "இயற்கையில இதெல்லாம் ஒரு சுழற்சி, தானா மீண்டு வரும்"னாரு. இப்ப அவரு வேற ஊருக்குப் பறவை பாக்கப் போறாரு. இங்க பறவை இல்லையாம்.

ஒரு நாள் விடிகாலையில எனக்குச் சேதி வருது. நர்சம்மா தனியா மம்பட்டி எடுத்துக்கிட்டு வாய்க்கால் வாய்க்குப் போயிட்டாங்கன்னு. போயிப் பாக்குறேன், முழங்கால் சேத்துல நின்னுக்கிட்டு வெட்டுறாங்க. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, மூச்சு வாங்க. அந்த வயசுல என்ன வெட்ட முடியும்? ஒரு குழி, வாளி அளவு. வெட்ட வெட்ட சேறு வந்து மூடுது. கொட்டகையில இருந்தவன் போன்ல படம் புடிச்சுக்கிட்டு நிக்கிறான்.

"அம்மா, மேல வாங்க"ன்னேன்.

"வரலண்ணே."

"படம் எடுக்குறாம்மா."

"எடுக்கட்டும்ணே. நல்லா எடுக்கட்டும். எங்கப்பா வெட்டுன வாய்க்காலு."

நான் என்ன பண்றது? ஒரு டிரஸ்டி ஷரத்தை மீறும்போது இன்னொரு டிரஸ்டி சும்மா இருந்தா, அதுவும் மீறுனதாத்தான் ஆகும். சும்மா இருக்கலன்னு காட்டணும். அதனால அன்னைக்கே வக்கீலைப் பாத்து, நர்சம்மா அந்த நெலத்துக்குள்ள எறங்கக்கூடாதுன்னு தடை உத்தரவு கேட்டு மனுப் போட்டேன். அவங்க நன்மைக்குத்தான். டிரஸ்டைக் காப்பாத்துறதுக்குத்தான். அனுமதி கேட்ட மனு அப்படியே கெடக்குது, இந்தத் தடை ஒரு வாரத்துல வந்துடுச்சு. கோர்ட்டு அப்படித்தான், வேண்டாம்னு சொல்ற மனுன்னா வேகமா நகரும்.

உத்தரவு நகலை, என் மனு நகலோட சேத்து, நானே அவங்க வீட்டுக்குக் கொண்டு போயிக் குடுத்தேன். ஆளு விட்டு அனுப்புனா மரியாதை இல்ல. வாங்கிப் படிச்சாங்க. "உங்க கையெழுத்துண்ணே"ன்னாங்க. "ஆமாம்மா"ன்னேன். காப்பி போட்டுக் குடுத்தாங்க. நல்ல காப்பி. குடிச்சுட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் அவங்க என்னோட பேசல. வீட்டை விட்டும் அதிகமா வரல. மீராசா காயலை விட்டுட்டு கட்டட வேலைக்குப் போயிட்டான். அவன்தான் அப்பப்ப போயி அவங்களைப் பாத்துட்டு வருவான்னு கேள்வி.

கம்பெனிக்காரன் மனுப் போட்டானான்னு கேக்குறீங்களா? போட்டான். டிரஸ்டை ரத்து பண்ணுங்கன்னான். நான் தடை உத்தரவை எடுத்து நீட்டுனேன். பாருங்கய்யா, டிரஸ்டு தூங்கல, ஏற்படுத்துனவங்க மேலயே நடவடிக்கை எடுத்திருக்கோம்னேன். மனு தள்ளுபடி. செலவுத் தொகையோட. அதே தஞ்சாவூர் வக்கீல் வெளிய வந்து எனக்குக் கை குடுத்தாரு. நேரா நர்சம்மா வீட்டுக்குப் போயி ஜெயிச்சுட்டோம்மான்னு வாசல்ல நின்னு சொன்னேன். கதவு தெறக்கல. உள்ள ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சு.

இந்தத் தையில அவங்க போயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க. எத்தனை பேருக்கு நாடி புடிச்சவங்க, கடைசியில பக்கத்துல ஆளில்ல. குமரகுரு வந்தான். எல்லாம் மொறையாத்தான் நடந்துச்சு. நானும் மாலை வாங்கிக்கிட்டுப் போனேன். எனக்கு எடம் விட்டு நின்னாங்க எல்லாரும், மரியாதைக்கு இல்ல. பாடை கெளம்புது. அவங்க வகையறாவுல பொதைக்கிறதுதான் வழக்கம். ஊர்ச் சுடுகாடு மேக்க, பாடை கெழக்கப் போகுது. மீராசாவும் இன்னும் சில பேரும் மம்பட்டியோட முன்னாடி போறாங்க.

எனக்குச் சட்டுனு ஒறைச்சுடுச்சு. பின்னாடியே ஓடுனேன். கழிக்கரையில எறக்கி வச்சிருந்தாங்க. "தம்பி, இங்க என்ன?"ன்னேன். குமரகுரு, "அம்மா இங்கதான் அடக்கம் பண்ணணும்னு மீராசாகிட்டச் சொல்லி வச்சிருக்கு"ன்னான். "எந்த எடம்?" "வாய்க்கால் வாயி. குழியை எப்படி வெட்டணும்னும் சொல்லியிருக்கு. காயல்லேர்ந்து உள்ளுக்கு, நீளவாட்டத்துல, இடுப்பாழம்."

பாத்தீங்களா தம்பி. வெட்டுனா தண்ணி பாயுற எடத்துல யாராவது பொணத்தைப் பொதைப்பாங்களா? ஊரு ஒலகத்துல உண்டா? அது குழியே இல்ல. அவங்க உசுரோட இருந்தப்ப நடக்காததைப் பொணமா வந்து நடத்திக்கப் பாத்தாங்க. சாவு வீட்டு மம்பட்டியை எந்தக் கோர்ட்டு தடுக்கும்னு நெனைச்சிருப்பாங்க. எவ்வளவு யோசனை பாருங்க. எனக்கு அவங்க மேல அப்பவும் மதிப்புதான் வந்துச்சு. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

ஆனா என் வேலைன்னு ஒண்ணு இருக்கே. "தோண்டக்கூடாதுப்பா"ன்னேன்.

குமரகுரு என் கையைப் புடிச்சுக்கிட்டான். எந்தக் குமரகுரு? வித்துடலாம்னு நின்னவன். "அய்யா, எனக்கு நெலம் வேண்டாம். ஒரு நாள். ஒரே ஒரு நாள் கண்ணை மூடிக்குங்க. தண்ணி உள்ள வந்ததும் அம்மாவைச் சுடுகாட்டுக்கே கொண்டு போயிடுறோம். அது கேட்டது அவ்வளவுதான்"னு அழுவுறான். மீராசா என்னைப் பாக்கவே இல்ல, காட்டைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். காடுன்னு என்ன இருக்கு, மொட்டைக் குச்சிதான், வெறகுக்குக்கூட ஒருத்தனும் தொட மாட்டான், ஷரத்து இருக்கே. இந்தப் பக்கம் கொட்டகைக்காரன் போனை எடுத்துட்டான்.

நான் போலீசுக்குச் சொல்ல வேண்டியதாப் போச்சு. ரெண்டு பேரு வந்தாங்க. உத்தரவைக் காட்டுனேன். பாவம், அவங்களும் தொப்பியைக் கழட்டிட்டுத்தான் நின்னாங்க. பாடையைத் தூக்கித் திருப்பி மேக்க கொண்டு போனாங்க. எல்லாருமா என்னைத் தாண்டிப் போனாங்க, ஒருத்தர் வாயிலேர்ந்தும் ஒரு வார்த்தை வரல. திட்டியிருந்தாக்கூட நான் பதில் சொல்லியிருப்பேன்.

அதுலேர்ந்துதான் இந்த டீக்கடை வெளையாட்டெல்லாம். போகட்டும். பத்திரம் நின்னுடுச்சு. பையன் வந்தான், கம்பெனி வந்துச்சு, எழுதிக் குடுத்தவங்களே உசுரோட ஒரு தடவை, செத்து ஒரு தடவை வந்தாங்க. ஒருத்தராலயும் உடைக்க முடியல. கம்பெனிக்காரன் இப்ப கேக்குறதே இல்ல. அந்த உப்புத் தரை அவனுக்கும் ஆகாதாம். அப்ப நெலத்துக்கு இனிமே எந்த ஆபத்தும் இல்லன்னுதான அர்த்தம்?

டீ ஆறிப் போச்சே, குடிக்கலையா? சரி, வேலைக்கு வருவோம். உங்களுக்கும் அதே வாசகம்தான், மாத்த வேண்டியது ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு எடத்துல மட்டும் நான் அசந்துட்டேன், அதைச் சரி பண்ணிடுறேன். தோண்டவோ, வெட்டவோ, அள்ளவோ, நிரப்பவோ, மட்டம் செய்யவோ. அதுக்கப்புறம் புதைக்கவோன்னு ஒண்ணு சேத்துக்குவோம்.

நெலம் உங்க அம்மா பேர்லதான இருக்குன்னீங்க? அம்மா பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.